என்ன மரம்னு தெரியாம லேத்தை ஆன் பண்ணாதீங்க

நல்லூர் பக்கம் சாலையோரம் விழுந்த வேம்போ பூவரசோ அறுக்கும்போது, அடிமரத்தில் முண்டு முண்டாகப் புடைத்த கட்டையை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். பலகைக்கு ஆகாது, அடுப்புக்குத்தான். அதே முண்டை வெளிநாட்டில் ‘பர்’ என்று பெயர் வைத்து, லேத்தில் கடைந்து கிண்ணமாக்குகிறார்கள். யூடியூப் பார்த்துட்டு நம்ம பசங்களும் தேட ஆரம்பிச்சாச்சு. நல்ல விஷயம்தான். ஆனா “இது என்ன மரம்?”னு யாரும் கேட்கிறதில்லை.

மைல்டு ஸ்டீலா, காஸ்ட் அயர்னா என்று தெரியாமல் நாம் ஸ்பீடு வைப்போமா? விருத்தாசலம் பீங்கான் பட்டறையில்கூட எந்த மண் எவ்வளவு என்று தெரிந்துதான் கலவை போடுகிறார்கள். மரத்துக்கு மட்டும் ஏன் சலுகை?

சில மரங்களின் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. இன்னொன்று, சட்டம். கனமான, ரத்தச் சிவப்புக் கட்டை செம்மரமாக இருக்கலாம். அது 1995 முதல் சைட்டிஸ் பட்டியலில் உள்ள மரம். பேப்பர் இல்லாம கையில வச்சிருந்தா வனத்துறைக்குப் பதில் சொல்லணும்.

முண்டில் ரேகை எல்லாப் பக்கமும் சுழன்று ஓடுவதால், அதைப் பார்த்து மரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதே மரத்தின் நேரான துண்டு ஒன்றை வாங்குங்கள். குறுக்குவெட்டு முகத்தை பிளேடால் சுத்தமாகச் சீவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். தேக்கில் பெரிய துளைகள் வளையமாக வரிசை கட்டும். மாமரத்தில் சிதறிக் கிடக்கும். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால் வெயிலில் நீலம் மினுங்கும். முதலில் ஊர் ஆசாரியிடம் காட்டுங்கள்; பல மரங்களை மோந்து பார்த்தே சொல்லிடுவார். அப்பவும் தெரியலையா? பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரியைப் பரிசோதித்துச் சொல்வார்கள்.

பெயர் தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம். பச்சைக் கட்டைன்னா வெட்டு முகத்தில் மெழுகு பூசி, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். முண்டுக்குள் பட்டையும் பொந்தும் ஒளிந்திருக்கும். வேகம் கூடினால் துண்டு தெறிக்கும். அதனால் குறைந்த வேகம், கூரான உளி, மெல்லிய சீவல். முகக் கவசமும் தூசி மாஸ்க்கும் கட்டாயம்.

முதல் வருஷம் கார்ப்பென்டரி ஷாப்பில் ஜாயின்ட் போட்டோம். அது என்ன மரம்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம ஊர் மரங்கள் பத்து, பெயர் எழுதி ஒரு ஷெல்ஃபில் வைக்க பெரிய பட்ஜெட் தேவையில்லை. அடுத்த பேட்ச் வருவதற்குள் அதை வச்சிடலாமே!