பாடம் காப்பாற்றிய உயிர்கள்!

டில்லி சுமித் ஓர் ஆங்கிலச் சிறுமி. அப்போது அவளுக்கு வயது 10.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை. தாய்லாந்து கடற்கரையில் பெற்றோருடன் இருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள்.

இரண்டு வாரம் முன்புதான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சுனாமி பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். பேரலை வரப்போகிறது என்று சிறுமி எச்சரித்தாள். சுமார் 100 பேர் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தார்கள்!

அதே நாளில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் அலைக்குப் பலியானார்கள். அன்று இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது. அது 2007-ல்தான் வந்தது.

கடலோரப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

காடு தந்த காவல்

சிதம்பரத்தில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டரில் பிச்சாவரம் இருக்கிறது. அங்கே உப்பு நீரில் சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்து நிற்கின்றன. சுனாமியின்போது மரக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. ஆராய்ச்சியாளர்கள் இதை 2005-ல் எழுதினார்கள்.

இந்தக் காடும் ஒரு காலத்தில் அழிந்து வந்தது. மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாயின. அங்கே கடல் நீர் தேங்கியது. வெயிலில் நீர் வற்றியது. உப்பு மண்ணில் தங்கியது. கன்று முளைக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், வனத்துறையும், கிராம மக்களும் சேர்ந்து 1990-களில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் நீர் வந்து போக வழி பிறந்தது. காடு மீண்டும் தழைத்தது.

வாய்க்கால் எதற்கு என்று நேரில் பார்த்த பிள்ளை ஆயுள் முழுவதும் மறக்காது.

படம் எடுத்தால் போதுமா?

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ல் உத்தரவிட்டது. தேசிய பசுமைப் படை என்ற மாணவர் மன்றம் 2001-ல் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்கள்.

ஆனால் ஜூன் 5-ந் தேதி கன்று நட்டு, படம் எடுப்பதோடு வேலை முடிந்து விடக் கூடாது. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். கோவிலின் தல விருட்சம். பிச்சாவரத்தில் இன்றும் அது வளர்கிறது. ஊர்ப்பெயர் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மரத்தைப் பார்த்திருப்பார்கள்? வாத்தியார் அழைத்துப்போய்க் காட்டட்டும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதையும் சொல்லட்டும்.

கடலூர் 2011-ல் 'தானே' புயலைக் கண்டது. 2015-ல் பெருவெள்ளத்தைக் கண்டது. அங்குள்ள மாணவர்கள் மழை நீர் எந்த வழியாக வடிகிறது, எந்த வாய்க்காலைக் குப்பை அடைத்திருக்கிறது என்று பார்த்து எழுதட்டும். அதுவும் பாடம்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "எத்தனை மார்க்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று என்ன பார்த்தாய்?" என்றும் கேளுங்கள்!