எட்டுல என்ன சார் இருக்கு?

திண்டிவனம் நண்பர் புது கார் வாங்கினார். டி.என்.16 வரிசையில் வரவிருந்த நம்பரின் கூட்டுத்தொகை எட்டு. 'ஐயோ, சனி!' என்று பதறி, தனிக் கட்டணம் கட்டி, ஒன்பது வருகிற நம்பராக வாங்கினார். விழுப்புரத்தின் டி.என்.32-லும் இதே கூத்துதான்.

இந்தக் கூட்டுத்தொகை என்ன தெரியுமா? நம்பரை ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் மீதி. மீதியே இல்லையென்றால் ஒன்பது. அவ்வளவுதான்! பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் இடித்தால், வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால், 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்கலாம். ஒன்பதுக்கு அந்த வேலை தெரியும். ஆக்சிடென்ட்டைத் தடுக்கத் தெரியாது.

26 கூட்டினால் எட்டு என்று நடுங்குகிறீர்களே, 26 முட்டையை டஜனில் எண்ணுங்கள். இரண்டு டஜன், இரண்டு. கூட்டினால் நாலு! முட்டை அப்படியே இருக்கிறது. சனி பகவான் எங்கே போனார்?

அப்படியானால் எண்ணுக்குள் விசேஷமே இல்லையா? இருக்கிறது. 1910-ல் ஓர் இளைஞர் விழுப்புரத்தில் ரயில் மாறி, திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி.ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். இளைஞர் கேட்டது குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர், வேலை தராமல் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ராமானுஜன் கூட்டுத்தொகை பார்த்துப் பெரிய ஆளாகவில்லை!

1915-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு எண் இருக்கிறது: 67,46,32,83,88,800. 1-ஐயும் தன்னையும் சேர்த்து, இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10,080. இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை கிடையாது. மந்திரமில்லை. ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. பெருக்கிப் பாருங்கள், வரும்.

இதை நியூமராலஜிக்காரரிடம் கொடுங்கள். '63... ஒன்பது. செவ்வாய்' என்பார். 10,080-ம் குப்பைக்கு!

'ராமானுஜனே நாமகிரித் தாயாரை நம்பியவர்தானே?' என்பீர்கள். நம்பினார். ஆனால் தாயார் சொன்னாள் என்று கணக்கை யாரும் ஏற்கவில்லை, சரிபார்த்து ஏற்றார்கள். அந்தப் பட்டியலில் 2,93,31,86,25,600 விடுபட்டுப் போனதையும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மேதையே தவறினாலும் பிடிபடும், அதுதான் கணக்கு. நியூமராலஜி பலிக்காவிட்டால்? பேர் ஸ்பெல்லிங்கை மாற்றச் சொல்வார்கள். அதற்குத் தனி ஃபீஸ்.

போன வாரம் அந்த நண்பரின் காரில் விழுப்புரம் போனேன். அவர் சீட் பெல்ட் போடவில்லை. கேட்டால், 'நம்ம நம்பர் ஒன்பது சார்!' என்கிறார். டிஜிட்டல் மீட்டரைப் பார்த்தேன். 117.

கூட்டிப் பாருங்கள், அதுவும் ஒன்பதுதான்!