கேரவன் வேண்டாம், ஒரு மைதானம் கொடுங்கள்

தமிழ்நாட்டில் 'கேரவன்' என்று சொன்னால் யாருக்கும் சுற்றுலா ஞாபகத்துக்கு வராது. ஷூட்டிங் ஸ்பாட்டில் ஏசி ஓட ஹீரோ உள்ளே உட்கார்ந்திருப்பார், துணை நடிகர்கள் வெளியே மரத்தடியில் வேர்த்துக் கொண்டிருப்பார்களே, அந்த வண்டிதான் ஞாபகம் வரும். பெரிய மனிதர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வேடிக்கை என்னவென்றால், நம் அரசாங்கங்களின் மனதில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வண்டிதான்.

கேரளா 2021ல் 'கேரவன் கேரளா' என்று ஆரம்பித்தது. சோபா கம் பெட், பிரிட்ஜ், மைக்ரோவேவ், ஏசி, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டி. 2023ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையும் முன்னுரிமை கொடுத்த 12 பிரிவுகளில் கேரவன் சுற்றுலாவைச் சேர்த்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சக்கரம் வைத்த ஸ்டார் ஓட்டலை சுற்றுலா வளர்ச்சி என்று சொல்வதில்தான் சிக்கலே இருக்கிறது. செங்கல்பட்டில் ஆல்டோ வைத்திருக்கும் ஒரு ஆசிரியர் குடும்பத்துக்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

கேரவனுக்கு ஒரு சின்னத் தம்பி உண்டு. டிரெய்லர். (சினிமா டிரெய்லர் இல்லை சாமி, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி.) அமெரிக்காவில் 1930களில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொண்ட வண்டி இது. பக்கத்தில் இருந்து பார்த்தால் நீர்த்துளி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமும். பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி. ஏன் அந்த அளவு? பிளைவுட் பலகை அந்த அளவில்தான் கிடைக்கும். நம்ம ஊர் பிளைவுட் கடையிலும் அதே 8க்கு 4தான்!

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்து வராது" என்று ஒரு கோஷ்டி உடனே கிளம்பும். அவர்கள் தங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கட்டும். திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டி, அரிசி பருப்பு பானை எல்லாம் ஏற்றி, கோயில் பக்கத்துத் தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிய ஜனங்கள் யார்? மாடு இருந்த இடத்தில் கார் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்கள். குடிசை மாதிரி செதுக்கிவிட்டு அதற்கு ரதம் என்று பேர். வீட்டையும் வண்டியையும் ஒரே கல்லில் பார்த்த ஊரில் நின்றுகொண்டு 'ஒத்து வராது' என்றால் எப்படி?

அடுத்த கோஷ்டி "சட்டம் இடம் கொடுக்காது" என்று சொல்லும். இதுவும் தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். 2004ல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், வாடகை வண்டி அல்லாத பிரிவில், 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லர்' என்றே ஒரு வரி இருக்கிறது. சட்டத்துக்கு இந்த வண்டி தெரியும். அதை எங்கே நிறுத்துவது என்று மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

ஆனால் டிரெய்லர் ரசிகர்கள் மறைக்கிற கணக்கையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. ஏப்ரலுக்கு மேல் வெயில். பிளைவுட் பெட்டிக்குள் படுத்தால் இட்லிதான். மிச்சம் இருப்பது டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை. மற்ற ஒன்பது மாதமும் வண்டி வாசலில் நின்று உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

காமர்ஸ் படிக்கிற பையன்களுக்கு இது சுலபமான கணக்கு. பேச்சுக்கு வண்டி விலை 3 லட்சம், ஆயுள் 10 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வருடத் தேய்மானம் 30,000. ஒரு குடும்பம் வருடத்துக்கு 6 இரவு பயன்படுத்தினால், ஓர் இரவுக்கு 5,000 ரூபாய். இதற்கு ரிசார்ட்டிலேயே படுத்துவிடலாம்! அதே வண்டியை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி 30 இரவு பயன்படுத்தினால் ஓர் இரவுக்கு 1,000. ஆகவே தனியாக வாங்குவது முட்டாள்தனம், கூட்டாக வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் புத்திசாலித்தனம். பழைய ஊர்களில் எல்லார் வீட்டிலும் வண்டி இருந்ததா என்ன? இருந்தவர் வண்டியில் தெருவே ஏறிப் போனது.

பாதுகாப்பும் சும்மா இல்லை. மொத்த எடை 750 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர்தான் மிகச் சிறிய வகை. சின்னக் காருக்கு அதுவே அதிகம், பாதியாவது குறைய வேண்டும். எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். சாமானை எல்லாம் பின்னால் அடுக்கினால் ஈசிஆரில் வேகம் எடுத்ததும் வண்டி பாம்பு மாதிரி ஆடும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இதைக் காலி மைதானத்தில் பழகாமல் திருக்கழுக்குன்றம் தேரடியில் பழகினால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும் :-)

சரி, உண்மையான விஷயத்துக்கு வருவோம். செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். போகலாம். போய் எங்கே படுப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட் மதில்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். ராத்திரி கடல் சத்தம் கேட்க வேண்டும் என்றால் அறை வாடகை கொடு, இல்லையென்றால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ. இதுதான் இன்றைய கடற்கரை.

இந்த மதில் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கூடாரம் அடித்தவர்கள் இருக்கிறார்கள். இருளர்கள். வருடா வருடம் மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களில் இருந்து மாமல்லபுரம் வருகிறார்கள். குச்சி நட்டு, புடவையைச் சுற்றி, மணலிலேயே குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் கடலோரம் கல்யாணம் செய்கிறார்கள். கேம்பிங் என்ற வார்த்தையைக் கேள்விப்படாமலேயே கேம்பிங் செய்கிற இந்த ஜனங்களுக்கு, கேரவன் பூங்காவில் இடம் உண்டா? இல்லை என்றால் அந்தக் கொள்கை யாருக்கு?

தேவை ரொம்பச் சின்னது. கடலை ஒட்டி இல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சவுக்குத் தோப்பு. குடிதண்ணீர்க் குழாய், பூட்டுப் போடாத கழிப்பறை, ஒரு காவலாளி, குப்பைத் தொட்டி. டிரெய்லருக்கு ஒரு பகுதி, கூடாரத்துக்கு ஒரு பகுதி, மாசி மகத்துக்கு முழுவதும் இருளர்களுக்கு, கட்டணம் இல்லாமல். கழிப்பறை, குடிநீர் மாதிரியான தற்காலிக வசதிகளை 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே கடற்கரைகளில் அனுமதிக்கிறது. உள்ளே தள்ளிப் போட்டால் இன்னும் சுலபம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானத் தடை இருக்கிறது. அதைத் தாண்டி நிலம் இல்லாமலா போய்விட்டது?

"ஜனங்கள் வந்தால் குப்பை போடுவார்கள், ஆமைக்கு ஆபத்து" என்பார்கள். ஆமை விஷயம் நிஜம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் திசை மாறிச் சாகும். ஆகவே மைதானத்தில் கடல் பார்த்த விளக்கு கூடாது, மணலில் வண்டி இறங்கக் கூடாது. ஆனால் அதே விதி ரிசார்ட் விளக்குகளுக்கும் வேண்டும். ஏழையின் டார்ச் லைட் மட்டும்தான் ஆமையின் கண்ணைக் குத்துமா?

கேரவன் பஸ்ஸுக்கு மானியம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு மைதானத்தைப் போட்டுக் காட்டட்டும். வண்டியை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பலகையும் ஒரு வெல்டிங் பட்டறையும் போதும். கடலுக்குப் பக்கத்தில் ஓர் இரவு தூங்கும் உரிமையை மட்டும் பட்டறையில் செய்ய முடியாது.

பி.கு: டிரெய்லர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு ராத்திரி காரிலேயே தூங்கிப் பார்க்கவும். கொசுவுக்குத் தாக்குப் பிடித்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.