வாடை எங்கிருந்து வருகிறது?



வீட்டில் பூனை சிறுநீர் கழித்த வாடையையும் கறையையும் நீக்குவது எப்படி என்பதை இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறேன். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். எனினும் இதை நான் என் தாயாருக்குச் செய்த ஒரு தவற்றின் வழியாகவே கற்றுக்கொண்டேன். ஆகையால் முதலில் அதை அறிக்கையிடுகிறேன்.

என் தாய்வீடு இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் இருக்கிறது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன், பாம்பாடும்சோலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் ஊரில் பேசுவதும் ஜெபிப்பதும் தமிழில்தான். காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு ஆகியவையே பிழைப்பு. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதைப்பூண்டையும் கிழங்கையும் வீட்டுக்குள்ளேயே சேமிப்பதால் எலித்தொல்லை உண்டு. அதற்காகவே பூனை வளர்க்கிறார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் கோயம்புத்தூரிலிருந்து அங்கே சென்றேன். தாயார் படுக்கும் பின்னறையில் நுழைந்தவுடனே கடுமையான சிறுநீர் வாடை வீசிற்று. என் தம்பி மனைவி என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில், "மதினி, அத்தைக்கு இப்போது இரவில் அடக்க முடிகிறதில்லை போலிருக்கிறது. கம்பளியை எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகவில்லை" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். நானும் நம்பிவிட்டேன். தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிவந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலின்மேல் விரித்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, "கால் வலிக்கிறது, நீங்கள் சபைக்குப் போய்வாருங்கள்" என்றார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்திலும் மற்றவர்களோடு பாயில் அமராமல், வாசற்படியோரம் தனியே உட்கார்ந்திருந்தார்கள்.

பண்டிகைக்காகத் தம்பி அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். வாடை குறையவில்லை, அதிகமாயிற்று. சுவர் புதிதாய் வெண்மையாய் இருந்தபடியால், குற்றம் படுக்கையில்தான் இருக்கிறது என்று எல்லாரும் உறுதியாக எண்ணினோம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின இரவு தாயாரின் கட்டிலருகே தரையில் படுத்தேன். நள்ளிரவில் வீட்டுக் கடுவன் பூனை உள்ளே வந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி நடுங்கச் செய்து, சுவரின்மேல் பீய்ச்சிவிட்டுப் போயிற்று. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழ உயரத்தில், சுண்ணாம்பையும் மீறி மஞ்சள் கோடுகள் வழிந்திருந்தன. பக்கத்திலிருந்த பூண்டுச் சாக்குகளிலும் அதே கறை.

தாயார் விழித்துக்கொண்டார்கள். நான் காண்பித்தபோது, "எனக்கு மூக்கு மங்கிப்போயிற்று. நீங்கள் எல்லாரும் சொல்லும்போது, தூக்கத்தில் அறியாமல் நான்தான் செய்கிறேனோ என்று நினைத்தேன். அதனால் சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டேன்" என்றார்கள். அந்த வார்த்தை என் உள்ளத்தைக் குத்திற்று. அந்த இரவிலேயே அவர்கள் கைகளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். விடிந்தபின் தம்பி மனைவியும் கேட்டாள்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டில் தோஷம் காணப்பட்டால் செய்யவேண்டியது சொல்லப்பட்டிருக்கிறது. ஆசாரியன் முதலில் வீட்டை ஒழித்துவைக்கச் சொல்லி, பின்பு உள்ளே போய்ச் சுவர்களைப் பார்க்கிறான். ஏழு நாள் பூட்டிவைத்து மறுபடியும் பார்க்கிறான். தோஷம் படர்ந்திருந்தால், அது பற்றின கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் செதுக்கி, புதிய சாந்து பூசச் சொல்கிறான். பலமுறை வாசித்த பகுதிதான். ஆனால் ஆசாரியன் சுவரைப் பார்த்தான்; நானோ சுவரைப் பாராமல் என் தாயைப் பார்த்தேன்.

வாடை ஏன் போகிறதில்லை?

பூனையின் சிறுநீரில் யூரியா மிகுதி. கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். அதனோடு பூனைக்கே உரிய கந்தகம் கலந்த ஒரு பொருளும் உண்டு. ஃபெலினின் எனப்படும் அதனை 1953-இல் பூனையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது மெல்லச் சிதையும்போது பூனை வாடை எழும்புகிறது. ஆகையால் புதிதாய்க் கழித்ததைவிட நாள்பட்டது அதிகமாய் நாறும். காய்ந்த கறையும் ஈரக்காற்று பட்டால் மறுபடியும் வீசும். மூடுபனி இறங்கும் வட்டவடையிலும், மழைக்காலத்துச் சென்னையிலும் இதுவே நடக்கிறது.

சுண்ணாம்பு அடித்தபின் வாடை கூடினதற்கும் காரணம் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் நவச்சாரத்தோடு நீற்றின சுண்ணாம்பைக் கலந்துதான் அம்மோனியா வாயுவைத் தயாரிப்பார்கள். எங்கள் சுவரிலும் அதுவே நடந்தது. அடுப்புச் சாம்பலும் காரமானதே. ஈரக் கறையின்மேல் அதைத் தூவினாலும் வாடை கிளம்பும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வீட்டிலேயே இருப்பவர்களின் மூக்கு வாடைக்குப் பழகிவிடும். வெளியே சிறிது நேரம் இருந்துவிட்டு வந்து, தரையோரமாகக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கட்டிலின் கால், கதவு மூலை, சாக்கு, பீரோவின் பின்புறம், திரைச்சீலையின் கீழ்நுனி ஆகியவற்றைச் சோதியுங்கள். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதாக்கதிர் விளக்கை இருட்டில் அடித்தால் பழைய கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புத்தூள் படிந்த இடமும் ஒளிரக்கூடும். ஆகவே முகர்ந்தும் உறுதி செய்யுங்கள்.

நீக்கும் முறைகள்

ஈரமாக இருக்கும்போதே கண்டால், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பின்பு குளிர்ந்த நீரால் அலசுங்கள். வெந்நீர் கறையையும் வாடையையும் துணியில் பதியச் செய்யும்.

சிமென்டுத் தரை, டைல்ஸ், துவைக்கும் துணி ஆகியவற்றுக்கு ஒரு பங்கு வினிகரோடு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். பிறகு சோப்பு இட்டுக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். பளிங்கு, சுண்ணாம்புக் கல் பதித்த தரைகளில் வினிகர் வேண்டாம், அவை அரித்துப்போகும்.

நாள்பட்ட கறைக்குச் சமையல் சோடாவைத் தூவி, அதன்மேல் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரைக் கோப்பையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேர்த்து ஊற்றுங்கள். மருந்துக்கடையில் 6 சதவீதம் கிடைத்தால் சம அளவு தண்ணீர் கலக்கவும். நுரை அடங்கிக் காய்ந்தபின் துடைத்தெடுங்கள். இது நிறத்தை வெளுக்கும். எனவே மறைவான ஓரத்தில் முதலில் சோதியுங்கள். கம்பளிக்கு வேண்டாம். இக்கலவையைப் புட்டியில் அடைத்து வைக்காதீர்கள். வாயு பெருகி வெடிக்கக்கூடும்.

நகரங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில் நொதிகள் கலந்த திரவம் கிடைக்கிறது. சிறுநீர் இறங்கின ஆழமட்டும் அதை ஊறவிட்டு, தானாக உலரும்படி விடவேண்டும். ஃபினைல் தெளித்த இடத்தில் அது சரியாக வேலை செய்யாது. ஆகையால் முன்னதாகத் தண்ணீரால் நன்கு அலசிவிடுங்கள். வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர்களின் பூனை விட்டுச்சென்ற வாடைக்கு இது ஏற்றது.

பஞ்சு மெத்தையானால் தையலைப் பிரித்து, கறைபட்ட பஞ்சை எடுத்துப்போட்டு, மீதியை வெயிலில் உலர்த்துங்கள். மண்சுவரில் மேற்பூச்சால் பயனில்லை. நாங்கள் கறை இறங்கின ஆழமட்டும் சுரண்டியெடுத்து, சில நாள் காற்றாட விட்டு, புதுமண் குழைத்துப் பூசினோம். சாக்குகளை அப்புறப்படுத்தினோம். வாடை நின்றது.

எச்சரிக்கை: சிறுநீர் கறையின்மேல் பிளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள். அம்மோனியாவோடு அது கலந்தால் நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு உண்டாகும். அதனோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்ப்பதும் அபாயமே. ஃபினைல் பூனைக்கு நஞ்சு. சாம்பிராணியும் வாசனைத் தெளிப்பானும் வாடையை மூடுமேயன்றி நீக்கமாட்டா.

பூனையையும் கவனியுங்கள்

அதை அடிப்பதால் பயனில்லை. பயந்த பூனை இன்னும் அதிகமாய்க் கழிக்கும். கருத்தடை செய்யப்படாத கடுவன், தன் எல்லையை அறிவிக்கவே சுவரில் பீய்ச்சுகிறது. அதன் சிறுநீரில்தான் ஃபெலினினும் மிகுதி. கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்தால் பெரும்பாலானவை இப்பழக்கத்தை விட்டுவிடும். எங்கள் வீட்டுக் கடுவனும் விட்டது. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யவேண்டும். கர்ப்பிணிகள் அவ்வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் இறங்கவில்லையானால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தாமதித்தால் இறந்துபோகும்.

சகோதரிகளே, முதியவர்களுக்கு உண்மையிலேயே சிறுநீர் அடங்காமல் போவதும் உண்டு. அது குற்றமல்ல, சுகவீனம். பலருக்குச் சிகிச்சையால் குணமாகிறது. அதற்குப் பயந்து அவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் தீர்மானிக்குமுன் அன்பாய் ஒரு வார்த்தை கேளுங்கள். குனிந்து சுவரையும் ஒருமுறை பாருங்கள். நகரத்தில் வாழும் நாம் ஊருக்குப் போவது வருஷத்தில் சில நாட்களே. அந்தச் சில நாட்களில் நம் தாய் தகப்பன்மாரைத் தலைகுனியச் செய்யாதிருப்போமாக.

சுவரைப் பூசி முடித்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் நடந்ததாகத் தம்பி தொலைபேசியில் சொன்னான். தாயார் பாயின் நடுவில் அமர்ந்து, தாமே முன்வந்து ஆரம்ப ஜெபம் செய்தார்களாம். தேவனுக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.