பெயர் கேளாத படம்

சென்ற வாரம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பழைய போட்டோ ஒன்றைக் காட்டினேன். கந்தல் உடையில் ஒரு தாய். கவலையோடு கன்னத்தருகே தாங்கிய கை. முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு அவள் தோள்களில் சாய்ந்திருக்கும் இரு குழந்தைகள். மடியில் ஒரு கைக்குழந்தை. “இந்த அம்மாளின் பெயர் என்ன, ஸார்?” என்றான் முன் பெஞ்சுப் பையன் ஒருவன். படத்தை எடுத்தவரே கேட்காத கேள்வி அது.

அமெரிக்காவில் 1929-ஆம் வருஷம் தொடங்கிய பொருளாதார மந்தம் ஜனங்களை வாட்டிய காலம். ஓக்லஹோமா முதலிய மாகாணங்களில் மழை பொய்த்து, உழுத மண் புழுதியாய்ப் பறந்தது. டிராக்டர் வந்த நிலங்களிலிருந்து குத்தகைதாரர்கள் வெளியேற்றப்பட்டனர். பழைய மோட்டார்களில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கூலி தேடிக் காலிபோர்னியாவுக்குப் போனவர்கள் அநேகர். அவர்கள் நிலையைப் படம்பிடித்து வரும்படி சர்க்கார் இலாகா ஒன்று அனுப்பியவர்களில் டாரதியா லாங் என்ற மாதும் ஒருவர். இளமையில் வாத நோய் கண்டு காலைச் சாய்த்து நடப்பவர்.

1936 மார்ச்சில், ஒரு மாதச் சுற்றுப்பயணத்தை முடித்து மழையில் வீடு திரும்பும்போது, நிப்போமோ என்னும் ஊருக்கருகே பட்டாணி பறிப்போர் முகாமைக் குறிக்கும் பலகையைக் கண்டார். நிற்கவில்லை. 20 மைல் சென்ற பிறகு மனம் கேளாமல் வண்டியைத் திருப்பினார். (களைத்து வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் திருப்புவார்கள்?) கடுங்குளிரில் பட்டாணிப் பயிர் கருகி, முகாமில் வேலையில்லை. கூடாரத்திலிருந்த அந்தப் பெண்ணை நெருங்கி நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். பத்து நிமிஷ வேலை. வயது 32 என்று தெரிந்துகொண்டார். பெயரையும் வரலாற்றையும் தாம் கேட்கவில்லை என்று 1960-இல் அவரே எழுதினார்.

சில தினங்களில் ஸான் பிரான்சிஸ்கோ பத்திரிகையொன்றில் படங்கள் வெளிவந்தன. முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப் பொருள் போயிற்று. படம் செய்த இந்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உணவு வந்தபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. வேறு வேலை தேடிப் போய்விட்டது.

1978-இல்தான் அவர் யாரென்று உலகம் அறிந்தது. புழுதிக்கு அஞ்சி ஓடிவந்தவர் என்று பலரும் எண்ணியிருந்தனர். அவரோ செரோக்கி என்னும் ஆதிகுடியில் பிறந்து, 1920-களிலேயே காலிபோர்னியாவுக்கு வந்து உழைத்தவர். சாப்பாட்டுக்காக மோட்டார் டயர்களை விற்றார்கள் என்று லாங் எழுதியதை அவர் மகன் மறுத்தார்: இருந்த டயர்களின் மேலேறித்தானே முகாமைவிட்டுப் போனோம்! படத்தினால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் அந்த அம்மாளுக்கு இருந்தது. லாங்குக்கும் உரிமைத் தொகை ஏதுமில்லை; சர்க்கார் சம்பளத்தில் எடுத்த படம் பொதுச் சொத்து. புகழ் மட்டும் அவரைச் சேர்ந்தது.

1983-இல் அந்த அம்மாள் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுஜனங்களின் உதவியை நாடினர். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அவ்வருஷமே அவர் காலமானார்.

பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று கரும்பலகையில் எழுதினேன். பையன் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தான். “மடியில் இருக்கும் குழந்தையின் பெயர், ஸார்?”