குகைக்குள்ளே டபுள் என்ட்ரி

ஜூன் பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று சேதி வந்ததும், சென்னையில் ஆபீஸுக்கு ஒரு கோஷ்டி பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் தேட ஆரம்பித்துவிடும். மறுநாள் காலை தென்காசி ஸ்டேஷனில் அவர்கள் இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஆளுக்கு ரெண்டு பை. செல்போனுக்கு வாட்டர்ப்ரூஃப் உறை, நெற்றியில் மாட்டும் காமிரா, நீச்சல் கண்ணாடி, கூலிங் கிளாஸ், ரெண்டு ஜோடி செருப்பு. குளிக்க வந்திருக்கிறார்களா, எவரெஸ்ட் ஏற வந்திருக்கிறார்களா என்று ஆட்டோக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும்.

பேரருவியில் குளிக்கும் உள்ளூர்ப் பெரியவரைக் கவனியுங்கள். இடுப்பில் ஒரு துண்டு. மொத்த ஆஸ்தி அவ்வளவுதான். கம்பியைப் பிடிக்க ரெண்டு கையும் தயார். நம் கோஷ்டி ஆசாமிக்கோ ஒரு கையில் செல்போன், மறு கையில் கண்ணாடி. அருவி முதுகில் ஒரு குத்து விட்டதும், எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று உள்ளுக்குள் பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும்.

இந்த ரகத்தில் எனக்கு ஒரு தென்காசி நண்பர் உண்டு. அந்தமான் போய் நாலு நாள் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்தார். அடுத்தது குகை டைவிங்காம். தண்ணீர் நிரம்பிய குகைக்குள் சிலிண்டரோடு நுழைகிற சமாசாரம். அதற்கு வாங்க வேண்டிய சாமான் என்று ஒரு லிஸ்ட் நீட்டினார். கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் தோற்றது!

"இவ்வளவையும் கட்டிக்கிட்டு நீரு எங்கவே நீந்தப் போறீரு?" என்றேன்.

"எல்லாம் ஒரு ஸேஃப்டிக்குத்தான்வே!"

அங்கேதான் சிக்கல். கடலில் முங்குகிறவருக்குத் தலைக்கு மேலே தண்ணீர், அதற்கு மேலே ஆகாயம். கோளாறு என்றால் நிதானமாக மேலே வந்துவிடலாம். குகையில் தலைக்கு மேலே பாறை. போன வழியாகவேதான் திரும்பியாக வேண்டும். தரையில் மாவு மாதிரி வண்டல். காலை ஒரு தடவை தப்பாக உதறினால் போதும், சுற்றிலும் கலங்கி, டார்ச் இருந்தும் குருடு. அப்போது வாசலுக்கு வழி சொல்வது, வரும்போது கட்டிக்கொண்டே வந்த மெல்லிய கயிறு ஒன்றுதான்.

பி.காம். படித்தவர்களுக்கு டபுள் என்ட்ரி மறக்காது. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும். குகைக்குள் கொண்டு போகும் ஒவ்வொரு சாமானுக்கும் அப்படி ரெண்டு பக்கம் உண்டு. அதனால் கிடைக்கும் உபயோகம் ஒரு பக்கம். அது கெட்டுப்போகலாம், கயிற்றில் சிக்கலாம், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மறுபக்கம். கற்றுக்குட்டி முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு பில் போடச் சொல்கிறார். தொங்குகிற மீட்டர் வண்டலைக் கிளறும். இடுப்பில் ஆடுகிற கொக்கி கயிற்றைக் கவ்வும்.

இன்னொன்றும் உண்டு. பழகினவருக்கு மூச்சு, மிதப்பு, காலசைவு மூன்றும் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி தன்னால் நடக்கும். புதிதாக வந்தவருக்கு அந்த மூன்றுக்கே மூளை முழுசும் செலவாகிவிடும். மிச்சம் இருப்பது சில்லறை. அந்தச் சில்லறையையும் புதுக் கருவியின் பட்டனைத் தேடுவதில் கரைத்தால், சிலிண்டரில் காற்று எவ்வளவு பாக்கி என்று யார் பார்ப்பது?

அதற்காகக் கஞ்சத்தனம் பண்ணச் சொல்லவில்லை. அமெரிக்காவில் குகைகளுக்குள் பலர் மாண்ட பிறகு, ஷெக் எக்ஸ்லி என்ற டைவர் அந்த விபத்துகளை ஆராய்ந்து 1979-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அந்த வழியில் வந்த விதிகள்தான் இன்றைக்கும் பாலபாடம். வாசலிலிருந்து அறுபடாத கயிறு. ஆளுக்கு மூன்று விளக்கு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, கடைசிப் பங்கு ஆபத்துக்கு. (சம்பளத்தை இப்படிப் பிரிக்கத் தெரிந்தால் நாம் ஏன் இருபதாம் தேதி கைமாற்று கேட்கப் போகிறோம்!)

ஆக, உயிர் காக்கும் சாமான் ரெண்டு, மூன்றாக இருக்கட்டும். மற்றது வீட்டில் இருக்கட்டும். ஃப்ளோரிடாவின் வில்லியம் ஹோகார்த் மெய்ன் இதையே ஒரு முறையாக்கினார். தேவையில்லாததைக் கழற்று, தேவையானதை உடம்போடு ஒட்டி வை, எப்போதும் ஒரே இடத்தில் வை. அவர் பெயராலேயே அதற்கு 'ஹோகார்த்தியன்' என்று பெயர் வந்துவிட்டது. உபரி டார்ச் ஆடாமல் இருக்க என்ன ஏற்பாடு தெரியுமா? டியூபை வெட்டிய ரப்பர் வளையம்! நம்மூர் சைக்கிள் கடைச் சரக்கு. இடம் மாறாமல் இருந்தால் இருட்டிலும் கை தன்னால் அங்கே போகும். கூட வருகிறவரின் கையும் போகும்.

2018 ஜூன் 23-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 கால்பந்துச் சிறுவர்களும் அவர்களுடைய கோச்சும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஜூலை 2-ம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரெண்டு பிரிட்டிஷ்காரர்கள். ரிக் ஸ்டான்டன், ரிட்டயரான தீயணைப்பு வீரர். ஜான் வொலாந்தென், கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர். குகை டைவிங் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் வருஷக்கணக்கில் ஊறிய பொழுதுபோக்கு. ஜூலை 6-ம் தேதி, உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரிழந்தார். பயிற்சி பெற்ற ஆள். குகை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

உதவிக்கு எலான் மஸ்க், ராக்கெட் பாகத்தில் செய்த குட்டி நீர்மூழ்கியோடு வந்து இறங்கினார். படு ஜோரான கருவிதான். இந்த வேலைக்கு ஒத்துவராது என்று மீட்புக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். நடந்தது வேறு. ஆஸ்திரேலிய மயக்க மருந்து டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ் சிறுவர்களைத் தூங்க வைத்தார். முகம் முழுக்க மூடும் மாஸ்க் மாட்டி, ஒவ்வொருவராக டைவர்கள் வெளியே கொண்டு வந்தார்கள். முங்கத் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. மூச்சு விடுவது! ஜூலை 10-க்குள் 13 பேரும் உயிரோடு வெளியே. புதியவரின் சுமையை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

குகை ஆசை உள்ளவர்கள் முதலில் வாங்க வேண்டியது பயிற்சி. சாமானை அப்புறம், ஒவ்வொன்றாக, வாத்தியாரைக் கேட்டு வாங்கலாம். ஆசை இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஏனென்றால் குற்றாலத்தில் குகை டைவிங் இல்லாவிட்டாலும், தண்ணீரின் கணக்கு எங்கேயும் ஒன்றுதான்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைக்கு மேலே பெய்கிற மழை, கீழே குளிப்பவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் நிறம் மாறினாலோ, போலீஸ்காரர் விசில் அடித்தாலோ நமக்குக் கிடைப்பது சில நொடிகள். செருப்பு எங்கே, செல்போன் எங்கே என்று தேடுவதற்கான நொடிகளா அவை?

ஆகவே ஸார், இந்த ஸீஸனுக்கு லிஸ்ட் இதுதான். ஒரு துண்டு. இறங்குவதற்கு முன்னாலேயே கம்பி எங்கே, வெளியே போகும் வழி எங்கே என்று ஒரு பார்வை. செல்போன் லாட்ஜில் தூங்கட்டும். போட்டோ இல்லாமல் ஆபீஸில் நம்ப மாட்டார்களா? பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இலை வந்ததும் மட்டும் கீழே வைத்துவிடுங்கள். அங்கேயும் கை ஃப்ரீயாக இருப்பது அவசியம்!