பட்டா இல்லாதவருக்கு வீடு எப்போது?

பொன்னேரி வட்டத்தின் பழவேற்காடு குப்பங்களில் முதல்முறை வீடு கட்ட நினைப்பவர்களின் கோபம் நியாயமானது. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 2016-இல் சமவெளிக்கு நிர்ணயித்த 1.20 லட்சம் ரூபாயை, 2024-இல் நீட்டித்தபோதும் உயர்த்தவில்லை. சிமென்ட்டும் கம்பியும் 2016-இன் விலையிலா நிற்கின்றன?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் தமிழக அரசு 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. நல்ல தொகைதான். ஆனால் பட்டா வேண்டும். தலைமுறைகளாகக் கடலோரப் புறம்போக்கில் குடியிருக்கும் மீனவர் அதற்கு எங்கே போவார்? பட்டா இருந்தாலும் பணம் தவணையில்தான். அடுத்த தவணை வரும்வரை பாதிக் கட்டடத்தின் கம்பிகள் உப்புக்காற்றில் துருவேறுகின்றன.

வருவாய்த்துறை முதலில் பட்டா வழங்குவதற்காக இந்தப் புறம்போக்குக் குடியிருப்புகளை அளக்கட்டும். முதல் தவணை, அஸ்திவாரம் தோண்டும் முன்பே கைக்கு வரட்டும்.